செவ்வாய்க்கிழமை ஈரத்தலை

சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் ஈரத்தலைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனியிலிருந்து ஆவணி வரை குற்றாலத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதித் தலைகள் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். முதுகு நனைந்து, மடியில் ஈரத்துணிப் பையோடு, அரைத்தூக்கத்தில் ஆடிக்கொண்டே பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்ற கேள்வி இல்லாமல் ஒரு பெண் இரண்டு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வரலாம் என்றால் அது அருவிக்குப் போனதற்கு மட்டும்தான். கோயிலுக்குப் போனால்கூடத் திருநீறு எங்கே என்று கேட்பார்கள்.

இந்தச் சலுகையை நாங்கள் இரண்டு சீசன் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டோம். நாங்கள் என்றால், குடித்துக் கெட்டு, இப்போது குடிக்காமல் இருக்கிற பெண்கள். ஏழெட்டுப் பேர். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் பின்பக்க அறையில் கூடுவோம். பன்னிரண்டு மணிக்குக் கலையும்போது, கொல்லைக் குழாயடியில் வரிசையாக நின்று தலையை நனைத்துக்கொள்வோம். ஒவ்வொருத்தி தலையிலும் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது என் வேலை. இப்போது அப்படிச் செய்வதில்லை. அது நின்றுபோன நாளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் யாரோ புண்ணியவதி என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு குத்துக்கல்வலசையில். என் கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் கேண்டீனில் அவருக்கு ரம் கிடைக்கும். அவர் தொட மாட்டார். யாராவது விருந்தாளி வந்தால் கொடுக்கலாம் என்று பீரோவில் கீழ்த்தட்டில் அடுக்கி வைப்பார். அந்த விருந்தாளி நான்தான் என்பது அவருக்கு ரொம்ப நாள் தெரியாது.

முதலில் தலைவலிக்கு ஒரு மூடி. பிறகு குளிருக்கு ஒரு மூடி. பிறகு மூடியில் அளப்பதை விட்டுவிட்டேன். எங்கள் ஊர்ச் சாரல் மழையைப் போல விழாது, காற்றில் மிதந்து வந்து முகத்தில் உட்காரும். வெயிலும் அடித்துக்கொண்டிருக்கும், தூறிக்கொண்டும் இருக்கும். அந்த மத்தியானங்களில் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். மலை தெரியும், மறையும், மறுபடி தெரியும். அரை டம்ளருக்குப் பிறகு மலை என் பக்கமாக ஒரு எட்டு எடுத்து வைத்திருக்கும். முழு டம்ளருக்குப் பிறகு நான் இங்கே இருக்கிறேனா அங்கே இருக்கிறேனா என்றே தெரியாது. அது நன்றாக இல்லை என்று சொன்னால் பொய். நன்றாக இருந்தது. அதுதான் சிக்கலே.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் பால் விடாத கட்டஞ்சாயாவும் ரம்மும் ஒரே நிறம். பண்பொழியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள், நான் ஊதி ஊதிக் குடிப்பேன். சூடில்லாததை ஊதிக் குடித்த கெட்டிக்காரி நான். வாசத்துக்கு வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பல்வலி என்று சொல்லி வைத்திருந்தேன். ஆறு வருடம் ஒரே பல் வலித்தது.

பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. வாசலில் புள்ளி வைத்தால் கோடாக விழுந்தது. ஒருநாள் அடுக்களையில் வலிப்பு வந்து விழுந்தேன். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்த முதல் நாட்கள் எனக்கு நினைவில்லை. சுவரெல்லாம் தண்ணீர் ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. அப்படி எதுவும் ஓடவில்லை என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். ஊருக்கு வயிற்றுப்புண் என்று சொன்னோம். நாத்தனாருக்கும் அதேதான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து அதில் போர்வைகளை மடித்து வைத்தார், அவ்வளவுதான்.

இது நடந்து எட்டு வருடமாகிறது. குடியை விட்டு மூன்றாவது வருடம், பிற்பாடு தென்காசியில் எனக்குச் சிகிச்சை கொடுத்த குடிமீட்பு மையத்தின் கவுன்சிலர் மேடம் என்னைக் கூப்பிட்டார். பெண்கள் சிலர் போன் செய்கிறார்கள், நேரில் வரப் பயப்படுகிறார்கள், நீங்கள் அவர்களோடு பேசுவீர்களா என்று கேட்டார். எனக்கு என்ன படிப்பு இருக்கிறது என்றேன். குடித்திருக்கிறீர்களே, அது போதும் என்றார். முதலில் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால் அது என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் என்று தோன்றியது.

எங்கள் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கூட உட்கார்ந்திருப்பது. அவளுக்கு வேண்டும் போலிருக்கிற நேரத்தில் போனை எடுப்பது. புத்தி சொல்லக் கூடாது. அழுதால் தடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: அடுத்தவள் கதையைச் சொல்லாதே, உன் கதையை மட்டும் சொல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாயும் சும்மா இருக்காது. அதனால் பழையபடி கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு உட்காருவேன். அது கரைகிற வரை பேசுவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. வாசத்தை மறைத்த கிராம்பு இப்போது வாயை அடைக்க உதவுகிறது.

மையத்தின் படிக்கட்டில் எப்போதும் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படியில் ஏற ஒரு பெண்ணும் துணியவில்லை. ஆண் குடித்தால் அவன் குடிகாரன், பெண் குடித்தால் அவள் குடும்பமே நாசம் என்கிற ஊர். அப்போதுதான் குற்றால யோசனை எனக்கு வந்தது. எங்களில் ஒருத்தியின் அண்ணனுக்கு அங்கே லாட்ஜ் இருந்தது. பின்பக்கச் சந்தில் தனி வாசலோடு, பழைய மெத்தைகள் அடுக்கி வைத்த அறை ஒன்றைக் கொடுத்தார். அருவிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம், ஈரத்தலையோடு திரும்பிப் போகலாம். காது மடலில் ஒரு சொட்டு மசாஜ் எண்ணெய் தடவி அனுப்புவது வரை என் மூளைதான். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒளிஞ்சு குடிச்சீங்க. இப்ப ஒளிஞ்சு குடிக்காம இருக்கீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

வாயில் கிராம்பு இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

அந்த அறையில் உட்கார்ந்திருந்த செவ்வாய்க்கிழமைகள் இப்போது நினைத்தால் ஒரே நாளாகத் தெரிகின்றன. மெத்தைகளின் மேல் சாய்ந்திருப்போம். ஜன்னலுக்கு வெளியே சாரல். தூரத்தில் பேரருவி விழுகிற இரைச்சல், நின்றால்தான் அது இருந்ததே தெரியும் என்கிற மாதிரி. எண்ணெய் வாசமும் பஜ்ஜி வாசமும் மாறி மாறி வரும். குரங்கு ஒன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எவள் என்ன சொல்கிறாள் என்று முழுக்கக் கேட்டுவிட்டுப் போகும். ஒருத்தி பேசுவாள், நிறுத்துவாள், அருவி கொஞ்ச நேரம் பேசும். பிறகு இன்னொருத்தி தொடங்குவாள். உள்ளே நுழையும்போதே செல்போன்களை அணைத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிடுவோம். உலகத்தையே அந்த வாளியில் போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

போன சீசனில் அங்கே ஒரு புதுப் பெண் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். திருவேங்கடத்துக் கரிசல்காட்டில் பிறந்து, பண்பொழிக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் எல்லைப் பாதுகாப்புப் படையில், வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவான். வயல்களும் பெரிய வீடுமாக, வீட்டில் மாமியாரும் அவளும் மூன்று வயது மகளும் மட்டும். முதல் வாரம் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு பேச்சு பேசினாள்.

"எங்க ஊர்ல மழை வந்தா எல்லாரும் வாசலுக்கு வந்து நிப்போம்க்கா. இங்கன மழை வந்தா கதவைச் சாத்துதீக."

மூன்றாவது வாரம் மிச்சத்தைச் சொன்னாள். பிரசவமாகி வந்தபோது நல்ல மழைக்காலம். உடம்பு வலிக்கும் குளிருக்கும் நல்லது என்று மாமியாரே வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி கலந்து கொடுத்தாளாம். எங்கள் பக்கத்துச் சில வீடுகளில் அது மருந்துக் கணக்கு, யாரும் தப்பாக நினைப்பதில்லை. நாற்பது நாளில் மாமியார் நிறுத்திவிட்டாள். இவளால் நிறுத்த முடியவில்லை. பிறகு எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. வேண்டும் என்கிறவளுக்கு வழி தெரியும். பிள்ளைக்கு வாங்கிய கிரைப் வாட்டர் பாட்டில்கள் காலியானதும் அவற்றில் ஊற்றி அலமாரியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைச் சாமான்களுக்கு நடுவில் எவர் தேடப்போகிறார்கள். ஒரு நாள் பிள்ளை வயிற்றுவலியில் வீறிட்டு அழுதபோது அவசரத்தில் ஒரு பாட்டிலை எடுத்துப் பாலாடையில் ஊற்றிவிட்டாள். பிள்ளையின் உதட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் வாசம் வந்தது. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வலது கையை இடது கையால் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கிராம்பு தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து அவள் என் பொறுப்பு. மத்தியானம் மூன்று மணிக்குத்தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும், பிள்ளை தூங்குகிற நேரம். அந்த நேரத்தில் போன் செய்வாள். பாதி நாள் ஒன்றும் பேச மாட்டாள். அவள் வீட்டு மழையை நான் கேட்பேன், என் வீட்டு மழையை அவள் கேட்பாள். நாலு மணிக்கு எல்லையிலிருந்து அவள் கணவன் கூப்பிடுவான், அப்போது வைத்துவிடுவாள். இப்படியே ஐம்பது நாள் தாண்டியது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நான் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. கீழே தூறல்தான். கூட்டம் நன்றாக நடந்தது. அருவியின் சத்தம் அன்றைக்குக் கனத்துக்கொண்டே வந்தது. மெத்தையில் சாய்ந்து கண்ணை மூடினால் அறையே ஆற்றில் போவது போலிருந்தது. இந்த வருடம் தண்ணீர் எவ்வளவு அழகாக விழுகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். சந்தோஷப்பட்டோம் என்பதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குக் குழாயடியில் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினேன். அந்தப் பெண்ணுக்கு அடர்த்தியான கூந்தல், நனைய மூன்று மக் வேண்டும். நன்றாக ஊற்றி, கோதிவிட்டு, எண்ணெயும் தடவி அனுப்பினேன். ஐந்து ஐந்து நிமிடம் விட்டு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கடைசியாக என் தலையையும் நனைத்துக்கொண்டு நான் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது எதிரே ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் தோளிலும் காய்ந்த துண்டு. எல்லார் தலையும் காய்ந்த தலை. பார்த்தேன். பார்த்தது மண்டையில் ஏறவில்லை. ஏதோ கனவில் பார்க்கிற ஜனங்களைப் போல அவர்களுக்கு நடுவில் சொட்டச் சொட்ட நடந்து போய் பஸ் ஏறினேன்.

தென்காசி பஸ் நிலையத்தில் இறங்கியபோதுதான் போனை உயிர்ப்பித்தேன். உடனே அடித்தது. அவள்தான். குளியலறைக்குள் இருந்து பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"யக்கா, இன்னைக்குக் குளிக்கத் தடையாம்லா. பத்தரை மணிக்கே எல்லாரையும் வெளியேத்திட்டாங்களாம். டிவியில காட்டுதான். அத்த என் தலையப் பாத்தாவ. எங்கன குளிச்சேன்னு கேட்டாவ. நான் பேரருவியிலன்னு சொல்லிட்டேன்."

மேலே மழை கொட்டி அருவியில் வெள்ளம் வந்தால் உடனே தடை போடுவார்கள், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவையே மூழ்கடித்துக்கொண்டு செம்மண் தண்ணீர் விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாமியாரின் முன்னால், சொட்டுகிற கூந்தலோடும் எண்ணெய் வாசத்தோடும் மருமகளை நான் அனுப்பி வைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள்கூட அதன் காம்பையாவது கிள்ளிப் போடுவாள்.

இன்னும் இருந்தது. அவள் திக்கித் திக்கிச் சொன்னதை நான் கோத்துப் புரிந்துகொண்டேன். இரண்டு வாரத்துக்கு முன் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட வந்தபோது, இவள் லாட்ஜ் சந்திலிருந்து ஈரத்தலையோடு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார். மாமியார் அதைக் கேட்டு வாயைத் திறக்காமல் மனதுக்குள் வைத்திருந்தாள். இன்று அது உறுதியாகிவிட்டது. லாட்ஜ், ஈரத்தலை, பொய். எவனோடு என்று மட்டும்தான் கேட்டாளாம். நாலு மணிக்கு மகன் கூப்பிடும்போது சொல்லிவிடுவேன், உன்னைத் திருவேங்கடத்துக்கு அனுப்பிவிடுவேன், பிள்ளை இங்கேதான் இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறாள். நாங்கள் மறைக்க நினைத்தது குடியை. நான் ஊற்றிய தண்ணீர் அதைவிடப் பெரிய பழியை அவள் தலையில் ஏற்றிவிட்டது.

கடைசியாக அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "பீரோ சாவி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா." போன விடுப்பில் கணவன் கொண்டுவந்த பாட்டில் ஒன்று மாமியாரின் பீரோவில் இருப்பதை முன்பே சொல்லியிருந்தாள்.

"சாவி இருக்குத இடத்துல நிக்காத. பிள்ளையத் தூக்கிட்டு முன்னால வந்து உக்காரு. நான் வாரேன்" என்றேன்.

மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவள் கதையைச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது என்றார். அதைச் சொல்லாமல் எப்படி மேடம் அவளைக் காப்பாற்றுவது என்றேன். உங்கள் கதை இருக்கிறதே என்றார்.

பண்பொழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி. வயல்கள், தென்னைகள், வழியில் ஏறி இறங்கினவர்கள் எல்லாம் பாலில் கரைந்த மாதிரிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் என் நாத்தனார் வீடு. நான் பண்பொழியில் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் அவள் காதுக்குப் போகும். ஏழு வருட வயிற்றுப்புண் ஒரே நாளில் ஆறிவிடும். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தப் பாலாடையும், அதைப் பிடித்த கையும் கண்ணுக்கு முன்னால் நின்றன. மலைமேல் முருகன் கோயில் மேகத்துக்குள் இருந்து ஒரு விநாடி தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்காக மழையில் நெடுநேரம் நின்றதில் என் கூந்தல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்துத் தள்ளி உட்கார்ந்தார்.

நான் போனபோது மூன்று மணி தாண்டியிருந்தது. முன்கட்டில் சுவரோரம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவளைச் சுற்றித் தரையில் தேங்கியிருந்தது, துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாலேயே கேட்டேன். இல்லை என்று லேசாகத் தலையாட்டினாள். குடிக்கவில்லை.

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். ஆட்களை வைத்து வயலைத் தானே பார்க்கிற மனுஷி, பார்வையிலேயே அளந்துவிடுவாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள். தொலைக்காட்சியில் இன்னும் அருவியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் குறைத்திருந்ததால் அவ்வளவு தண்ணீரும் ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"குத்துக்கல்வலசையில இருந்து வாரேன் மைனி" என்று மதினி முறை சொல்லித் தொடங்கினேன். இன்னாருடைய பெண்டாட்டி, உங்கள் ஊரில் இன்ன வீட்டுக்காரி என் நாத்தனார் என்றும் சேர்த்தே சொன்னேன். ஒளிக்கிற வேலை இனி வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"உங்க மருமகள அந்த லாட்ஜுக்கு வரச் சொன்னது நான்தான். நான் குடிகாரி மைனி. ஆறு வருஷம் குடிச்சேன். இப்ப ஏழு வருஷமா தொடல. என்ன மாதிரிப் பொம்பளைக செவ்வாய்க்கிழமை அங்கன கூடி உக்காந்து பேசுவோம். ஆம்பளை ஒருத்தரும் கிடையாது. வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு தலையில தண்ணி ஊத்தி அனுப்புதவளும் நான்தான்."

அந்த இரண்டு சொற்களை, நான் குடிகாரி என்பதை, அறைக்கு வெளியே நான் முதல்முதலாகச் சொன்னது அப்போதுதான். அறைக்குள் நூறு தடவை சொல்லியிருப்பேன். வெளியே சொன்னபோது வேறு யாரோ சொல்வது போலத் தூரத்திலிருந்து கேட்டது.

மாமியார் அவசரப்படவில்லை. என் கதை முழுவதையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேயே விரலை வைத்தாள்.

"சரி. குடிச்சது நீங்க. இவ எதுக்கு அங்கன வரணும்?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டு வந்தேன். பதில் என் நாக்கில் இருந்தது. ஆனால் அது என்னுடையது இல்லை. எனக்குத் துணையாக வந்தாள் என்று ஒரு பொய்யைச் சொல்லலாம்தான், காலையிலிருந்து சொன்ன பொய்கள் போதாதா. கைப்பையில் தேடி ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். மாமியார் அதையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் அருவி விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது.

"நானும்தான் அத்தே" என்றாள் அந்தப் பெண். பிள்ளை விழித்துவிடாமல் மெல்லத்தான் சொன்னாள். "நானும் குடிச்சேன். இன்னைக்கு அம்பத்தி மூணு நாளாச்சு, தொடல. அதுக்குத்தான் அங்கன போறேன்."

மாமியார் என் வாயைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். "நீயும் கிராம்புதான் மெல்லுவ" என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. எப்போதிருந்து என்று கேட்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து என்று பதில் வந்தது. மருமகள் அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாம், பழியைப் போட ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பேறுகாலத்துல ஊத்திக் குடுத்தவ நான்லா."

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பாட்டிலைக் கொண்டுவந்து நடுவில் வைத்துக் கேள்வி கேட்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள் போல, பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். வந்தபோது அவள் கையில் இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றை என்னிடம் நீட்டினாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மருமகளுக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பின்னலே போடாமல் விரிந்து கிடந்த அந்த முழுக் கூந்தலையும் அள்ளித் துண்டில் சுற்றிப் பிழிந்தாள். கை கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் அப்போதுதான் அழத் தொடங்கினாள். தடுக்கக் கூடாது என்று மாமியாருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, ஆனாலும் அவள் தடுக்கவில்லை. நான் என் தலையைத் துவட்டிக்கொண்டு மழையைப் பார்த்தேன்.

நாலு மணிக்கு மேசைமேல் இருந்த மாமியாரின் போன் அடித்தது. எங்கள் மூவருக்கும் யார் என்று தெரியும். மருமகள் அழுகையை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று நாளும், மடியில் கிடந்த பிள்ளையும், இருவர் சேர்ந்து வாழ இனி மிச்சமிருக்கிற காலமும் அந்த மணியில் தொங்கிக்கொண்டிருந்தன. மாமியார் எழுந்து போய் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கொண்டுவந்து ஸ்டூலின் ஓரத்தில் வைத்தாள். மறுபடி கூந்தலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

தூரத்திலிருந்து ஒரு பையனின் களைத்த குரல் சாப்பாட்டைக் கேட்டது, பிள்ளையைக் கேட்டது, பிறகு, "அவ எங்கம்மா?" என்றது.

"இங்கனதான் இருக்கா. அருவியில குளிச்சிட்டு வந்தா, தல துவட்டுதோம்" என்றாள் மாமியார். "பொறவு அவளே பேசுவா."

தண்ணீர் நன்றாக விழுகிறதா என்று கேட்டான்.

"நல்லா விழுதுடே" என்றாள், மருமகளின் தலையிலிருந்து கையை எடுக்காமல்.